வந்தவரும் இருந்தவரும்

நம் சமூகத்தாரிடையே இந்நாளில் ஒரு புலம்பல் ஓயாது கேட்கின்றது. "ஊரிலிருந்து புதியவர்கள் வந்தார்கள், நம் சமூகம் சீர்கெட்டது" என்பதே அப்புலம்பல். கோயில் மண்டபத்திலும், கலியாணப் பந்தியிலும், தேக்கா சந்தையிலும், கற்றவரும் கல்லாதவரும் ஒருவாய்ப்பட இதனையே சொல்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் கால்வைக்க இடமில்லை என்பார் ஒருவர். பெரிய சம்பள உத்தியோகங்களையெல்லாம் அவர்களே அள்ளிக்கொண்டனர் என்பார் மற்றொருவர். அவர்கள் நடையும் பேச்சும் பிற இனத்தார் முன் நம்மைத் தலைகுனியச் செய்கின்றன என்பார் வேறொருவர். "ஊர்க்காரன்" என்னும் அருமையான சொல், சொந்த மண்ணான் என்ற அன்புப் பொருளை இழந்து, சிங்கப்பூர்த் தமிழர் வாயில் ஏளனச் சொல்லாகவே ஆகிவிட்டது.

புதியவர் வரவால் ஒரு சமூகம் மாறும் என்பதை நாம் மறுக்கவில்லை. மாறத்தான் செய்யும். அம்மாறுதல் எவ்வழியாக நிகழ்கின்றது, அதற்குப் பொறுப்பாளி யார் என்பவையே ஆராயத்தக்கன. இதனை ஆராயாது, கெட்டதற்கெல்லாம் வந்தவனே காரணமென்று விரலை நீட்டுவது எளிது. விரலை நீட்டுவோர் தம் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தல் நலம்.

இருந்தவர் யார்?

இந்நாட்டில் "இருந்தவர்" என்று மார்தட்டும் தமிழர் யார்? பதினைந்தாம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்தில், வாணிகத்தின் பொருட்டு வந்து அந்நாட்டுப் பெண்களை மணந்து தங்கியவர்களின் வழிவந்தோர் மலாக்காச் செட்டிகள். 1786-ஆம் ஆண்டு பினாங்கு ஆங்கிலேயர் கைப்பட்டதும் வணிகராகவும் கூலியாட்களாகவும் வந்தோர் வேறு. 1819-ஆம் ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் நாராயண பிள்ளை. இத்தீவில் செங்கற்சூளை வைத்தவரும், பின்னர் 1827-இல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியவரும் அவரே. 1825 முதல் கைவிலங்குடன் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் இந்நகரின் பாதைகளையும், இன்று வெள்ளைவெளேரென நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் தம் தோள்வலியால் கட்டினர். அதன்பின் வட்டித்தொழில் செய்த நகரத்தார் வந்தனர். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞராக யாழ்ப்பாணத்தார் வந்தனர். கங்காணிகள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வந்தனர்.

இவ்வடுக்குகளுள் எந்த அடுக்கு அடுத்த அடுக்கை மாலையிட்டு வரவேற்றது? பேனா பிடித்தவன் பால்வெட்டுபவனைக் கூலியென்று இகழ்ந்தான். நகரத்தில் கடைவைத்தவன் தோட்டத்து லயத்தில் கிடந்தவனைத் தன் இனத்தான் என்று சொல்ல நாணினான். அன்று இகழப்பட்ட தோட்டக்காரனின் பேரனே இன்று அடுக்குமாடி வீட்டின் சன்னலில் நின்று, கட்டட வேலைக்கு வந்தவனைக் கண்டு முகஞ்சுளிக்கின்றான்! ரஜூலா கப்பலின் தளத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து பினாங்குத் துறையில் இறங்கியவனுக்கும், நள்ளிரவு விமானத்தில் திருச்சியிலிருந்து சாங்கியில் இறங்குபவனுக்கும் உள்ள வேற்றுமை, ஆண்டுக்கணக்கில் ஒரு வேற்றுமையே. வயிற்றுக்காக வந்தவன் என்ற அளவில் இருவரும் ஒருவரே.

புதியவர் வாராது நின்றுபோனால் சமூகம் தூய்மையாக இருக்கும் என்று எண்ணுவோர் மலாக்காவை நோக்குவாராக. 1511-இல் போர்த்துக்கீசியர் அந்நகரைப் பிடித்தபின், பழைய வாணிகத் தொடர்பு தேய்ந்து, அங்கே தங்கிய தமிழ்க்குடிகள் தனித்தன. சைவ வழிபாட்டை அவர்கள் உயிராகப் போற்றினர். 1781-இல் தோன்றிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அதற்குச் சான்று. ஆனால் அவர்கள் நாவில் தமிழ் நிற்கவில்லை. மலாய் மொழியே தாய்மொழியாயிற்று. இதனை இழிவென்று நாம் கூறவில்லை. வாழும் மண்ணோடு கலந்து ஐந்நூறு ஆண்டு தழைத்த அக்குடிகள் பெருமைக்குரியோரே. ஆயினும், "வந்தவன் வராதிருந்தால் நம் தமிழ் வாழ்ந்திருக்கும்" என்று பேசுவோர்க்கு இஃது ஒரு பாடம். ஊற்று நின்ற குளத்தில் நீர் நிலைத்திராது.

வந்த வழியே வாழ்வாயிற்று

ஒரு சமூகத்தை மாற்றுவது வந்தோரின் தொகை மட்டுமன்று. அவர்கள் எவ்வழியாக வந்தனர் என்பதும் ஆகும். கங்காணி முறையையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்துரை ஒரு கங்காணியைப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவன் தன் சொந்தக் கிராமத்துக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் சென்று, தன் உறவினரையும் தன் ஜாதியாரையும் தனக்கு அடங்கி நடக்கக்கூடியவரையும் திரட்டிவருவான். வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக ஏறும். இவ்வாறு வந்தவர்கள் தனிமனிதராக வரவில்லை. கிராமம் தன் மேல்கீழ் வரிசையோடு பெயர்த்து நடப்பட்டது. ஆகவேதான், கடல்கடந்து வந்தும், பல தோட்டங்களில் ஆதிதிராவிடர் லயம் தனி, மற்றவர் லயம் தனி என்று நின்றது. கடலைத் தாண்டினால் ஜாதி கெடும் என்று சாத்திரம் பேசியோர் வாயடைத்துப்போக, ஜாதியும் கடலைத் தாண்டிக் கரையேறிற்று! தோட்டத்துக் கள்ளுக்கடையோ வாங்கிய கூலியை மாலைக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது.

1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடிபெயரும் கூலிமுறையைத் தடுத்தது. 1953-இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் கதவை மேலும் நெருக்கிற்று. அதன்பின் ஒரு தலைமுறைக்காலம் வரவு மெலிந்தது. அவ்விடைவெளியில்தான் நம்மவர் "இருந்தவர்" என்னும் பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டனர் என்க.

சீர்திருத்தமும் கப்பலேறி வந்ததே

வந்தவன் கெடுதியையே கொண்டுவருவான் என்பது உண்மையாயின், நம் சமூகத்தின் விழிப்பு எங்கிருந்து முளைத்தது? 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவில் கால்வைத்தார். அவர் நாத்திகர், கலகக்காரர் என்று இங்கிருந்த வைதிகர் பதறினர். அவர் பேச்சு மூட்டிய கனலே 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமாக உருக்கொண்டது. தீமிதியையும் உயிர்ப்பலியையும் எதிர்த்துப் பேசியவரும், சடங்கில்லாத் திருமணங்களை நடத்திவைத்தவரும், கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டை வறள முழங்கியவரும் இவ்வியக்கத்தாரே.

1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி யார்? திருவாரூரில் பிறந்து, 1924-இல், இருபது வயதை ஒட்டிய இளைஞராக இத்தீவுக்குப் பிழைக்க வந்த ஒரு "ஊர்க்காரர்"! அன்று துறைமுகத்தில் நின்ற யாரேனும், "போதும், கூட்டம் மிகுந்துவிட்டது" என்று அவரைத் திருப்பியனுப்பியிருந்தால் நம் நிலை யாது? சீனப் பெண்மணியை மணந்து, ஜாதியொழிப்பைத் தம் வீட்டிலேயே தொடங்கியவர் அவர். 1950-களில், "ஊருக்குத் திரும்பும் கனவை விடுங்கள், இந்நாட்டுக் குடிகளாகப் பதிந்துகொள்ளுங்கள்" என்று தமிழரை விடாது இடித்துரைத்தவரும் அவரே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி எழுந்த "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்குத் தோட்டத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்த காசைப் பெற்றவர் நாம். இன்று குடிமக்கள் என்று நாம் நிமிர்ந்து நிற்பதற்கு, நேற்று வந்த ஒருவரின் பேனாவும் ஒரு காரணம். இதனை மறந்து பேசுதல் நன்றிகோறலாகும்.

இருவகைப் புதியவர்

இனி, இன்றைய புதியவர்பால் வருவோம். இவர்களை ஒரே கூட்டமாகப் பேசுவது பெரும்பிழை. தங்க முடியாதவர் ஒருவகை, தங்கக்கூடியவர் மற்றொருவகை.

வேலை அனுமதிச் சீட்டில் வரும் கட்டடத் தொழிலாளி, கப்பல்பட்டறைத் தொழிலாளி முதலியோர் முதல் வகையினர். பெரும்பாலோர் முகவருக்குக் கொடுக்கக் கடன்பட்டே வருகின்றனர். பல மாதச் சம்பளம் அக்கடனை அடைப்பதிலேயே கழிகின்றது. மனைவி மக்களை அழைத்துவர இவர்களுக்கு உரிமையில்லை. மனிதவள அமைச்சின் அனுமதியின்றிச் சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்கவும் இயலாது. முதலாளி சீட்டை ரத்துசெய்தால் மூட்டைகட்ட வேண்டியதுதான். நம் சமூகத்துள் நுழையவே சட்டம் இடங்கொடாத இம்மனிதனைப் பார்த்து, "நீ எங்கள் சமூகத்தைக் கெடுத்தாய்" என்கின்றோம்! வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வீட்டுக்குள் பானையை உடைத்தான் என்று வழக்காடுவது எந்த நியாயம்?

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் நிகழ்ச்சியை உடனே எடுத்துக்காட்டுவர். அன்று ரேஸ் கோர்ஸ் சாலையருகில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்து ஒன்றின்கீழ் சிக்கி ஒரு தமிழ்த் தொழிலாளி மாண்டார். அங்கே திரண்டோருள் சில நூறுபேர் வெறிகொண்டு வண்டிகளைக் கவிழ்த்தனர், தீவைத்தனர். அச்செயலை நாம் சிறிதும் ஆதரிக்கவில்லை. குற்றம் செய்தோர் தண்டனை பெற்றனர். 2015-இல் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. ஆனால் மறுநாள் நம்மவர் பலருக்கு எழுந்த முதற்கவலை யாது? இறந்தவனைப் பற்றியதா? "நம் பெயர் கெட்டதே" என்பதே அக்கவலை. குடியைக் கண்டு இன்று மூக்கைப் பொத்துவோர், தோட்டத்துக் கள்ளுக்கடையில் தம் முன்னோர் கிடந்த கோலத்தை அறியாரா? பகலெல்லாம் உழைத்து, ஒண்ட இல்லமும் பேசத் துணையும் இன்றி, வாரத்தில் ஒருநாள் தெருவோரத்தில் அமர்பவனுக்கு, அமர்ந்து பேசவும் படிக்கவும் நம் சங்கங்கள் எத்தனை அறைகளைத் திறந்துவைத்தன?

2020-இல் கோவிட் நோய் பரவியபோது இவர்கள் மாதக்கணக்கில் விடுதிகளுக்குள் அடைபட்டனர். விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரை அத்தொற்று தீண்டியிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கமே அறிவித்தது. அன்று நம்மவருள் நல்லோர் பலர் உணவுப் பொட்டலம் கட்டினர், பாராட்டுகிறோம். ஆயினும் பொட்டலம் கொடுக்கும் கை, நோய் நீங்கியபின் அருகில் அமர நாற்காலி கொடுக்கவில்லையே! இரக்கம் வேறு, சமத்துவம் வேறு. 2014 முதல் இங்கு நடைபெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டியில், மண்வெட்டி பிடித்த கை பேனாவும் பிடிக்கும் என்பதை நாடு கண்டது. நம் இலக்கிய மேடைகளில் அக்கவிஞருக்கு இடம் எங்கே?

இரண்டாம் வகையினர் கற்ற உத்தியோகஸ்தர். குடும்பத்தோடு வருவர், நிரந்தரவாசம் பெறுவர், பலர் குடிமக்களும் ஆவர். சமூகத்தை உள்ளிருந்து மாற்றும் ஆற்றல் இவர்களுக்கே உண்டு. இவர்கள்மீது சொல்லப்படும் குறைகள் சிலவற்றில் நியாயம் இல்லாமலில்லை. "எங்கள் பிள்ளைகள் ஈராண்டு தேசிய சேவை செய்கின்றனர், இவர் அந்தச் சுமையைத் தாங்கினாரா?" என்று ஒரு தாய் கேட்டால் அக்கேள்வி நேர்மையானதே. அதனை விதி வகுப்போரிடம் கேட்டல் வேண்டும். அண்டை வீட்டாரின்மேல் வெறுப்பாகக் காய்ச்சி ஊற்றுதல் கூடாது.

அதேபோல் இப்புதியவரையும் நாம் கேட்க வேண்டியது உண்டு. இவருள் ஒருசாரார் இங்குப் பிறந்த தமிழரைக் "கூலிகளின் பிள்ளைகள்" என்று தாழ்வாக எண்ணுவதேன்? தம் கல்லூரிக்கு ஒரு சங்கம், தம் மாவட்டத்துக்கு ஒரு சங்கம், வெளியே பெயர் சொல்லாது தம் ஜாதிக்கு ஒரு சங்கம் என்று தனித்தனித் தீவுகளை எழுப்புவதேன்? நீங்கள் இறங்கியபோது இங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருந்தது. பள்ளியில் தமிழ், வானொலியில் தமிழ், நாணயத்தில் தமிழ். இவை வானத்திலிருந்து விழவில்லை. நீங்கள் கூலிகள் என்று எண்ணும் மக்களின் வியர்வையில் விளைந்த பயிர்கள் இவை. உண்டவர் உழவரை இகழலாகாது.

தமிழ் தேய்ந்தது யாரால்?

"வந்தோரால் தமிழ் குன்றிற்று" என்பது மற்றொரு குற்றச்சாட்டு. கணக்கைப் பார்ப்போம். 2010-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இந்நாட்டுவாசிகளில் வீட்டில் தமிழையே மிகுதியும் பேசுவோர் நூற்றுக்கு 3.3 பேர், 2020-இல் அது 2.5 ஆகத் தாழ்ந்தது. இதே பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3 இலிருந்து 48.3 ஆக உயர்ந்தனர். இக்கணக்கில் வேலை அனுமதிச் சீட்டுத் தொழிலாளர் சேர்க்கப்படவில்லை. நாள்முழுதும் தமிழே பேசும் அவனைக் கணக்கிலும் விட்டோம், நன்றியிலும் விட்டோம்!

இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது முதலிய மொழிகளைப் பள்ளிகளில் இரண்டாம் மொழியாகப் பயில 1990-ஐ ஒட்டி வழி பிறந்தது. இந்தியர் எல்லாரும் தமிழர் என்ற பழைய நிலை மாறியதும் உண்மை. ஆனால் தமிழ்க் குடும்பத்தின் உணவுமேசையில் தாயும் தந்தையும் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசினால், அதற்குப் பஞ்சாபியும் வங்காளியும் என் செய்வர்? தமிழ் மாதத்தில் மேடையேறித் தாய்மொழியைப் புகழ்ந்துவிட்டு, வீடு திரும்பும் வண்டியிலேயே அதனைக் கழற்றி வைப்போர் வந்தவரா, இருந்தவரா?

ஆளைத் தள்ளி ஜாதியை வாங்குதல்

இப்பொழுது நம் வழக்கின் உயிர்நிலைக்கு வருகின்றோம். இருந்தவர், வந்தவரிடமிருந்து எதனைத் தள்ளினர்? எதனை வாங்கிக்கொண்டனர்?

மூன்று தலைமுறையாகத் தமிழ்நாட்டில் குடியிராதவர். பாட்டன் பிறந்த கிராமத்தின் பெயரை மறந்தவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் திணறுபவர். இத்தகையவர் மகளுக்கு வரன் தேடும்போது ஜாதியின் பெயரை மட்டும் பிழையின்றி உச்சரிக்கின்றார்! தொழிலாளியை வாசலில் நிறுத்தும் வீடு, அவன் ஊரிலிருந்து ஜோசியரையும் ஜாதகப் பொருத்தத்தையும் ஆசனமிட்டு அழைக்கின்றது. அவன் பேச்சு நாகரிகமற்றது என்கின்றது. அவன் ஊரின் ஜாதித் தலைவருக்கோ பொன்னாடை போர்த்துகின்றது. மனிதனுக்குக் கதவடைப்பு, ஜாதிக்குத் தோரணவாயில்! கங்காணி ஜாதியைக் கொண்டுவந்தான் எனில், கடன்பட்டுக் கட்டுண்டு வந்த கூலிகளுக்கு அதனை எதிர்க்க வலியில்லை என்று ஒருவாறு சமாதானம் கூறலாம். கல்வியும் குடியுரிமையும் சொந்த வீடும் பெற்று, எவருக்கும் அஞ்ச வேண்டாத நாட்டில் வாழும் நாம், நம் பணத்தைக் கொடுத்து அதே விஷத்தை வாங்குவதற்கு என்ன சமாதானம் உண்டு? வந்தவரால் சமூகம் கெடுகின்றது என்றால், கெடும் வழி இதுவே. இவ்வழியைத் திறந்துவைத்திருப்பவரோ இருந்தவர்.

இன்னுமொன்று. நாம் "இருந்தவர்", "வந்தவர்" என்று கோடு கிழிக்கின்றோம். வெளியார் கண்ணுக்கு அக்கோடு தெரிகின்றதா? 2005-இல் இந்தியாவோடு செய்துகொண்ட பொருளாதார உடன்படிக்கையைக் காரணங்காட்டிப் புதிய உத்தியோகஸ்தர்மீது ஒரு பகைமை மூண்டது. கோவிட் காலத்தில் அது இன்னும் கொழுந்துவிட்டது. 2021 மே மாதம் சுவா சூ காங் வட்டாரத்தில், விரைநடை சென்றுகொண்டிருந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரை, இனத்தைச் சொல்லி இழித்துரைத்து மார்பில் உதைத்தான் ஒருவன். அப்பெண்மணி சிங்கப்பூர்க் குடிமகள்! உதைத்தவன் அவர் குடியுரிமைச் சீட்டைக் கேட்டுப் பார்க்கவில்லை. புதியவனுக்கு எதிராக நாம் மூட்டும் தீ, நம் கூரையையும் எரிக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

செய்யவேண்டுவன

வெறும் கண்டனத்தால் பயனில்லை. நம் சங்கங்கள் ஒவ்வொன்றும், ஞாயிறுதோறும் ஓர் அறையைத் தொழிலாளருக்குத் திறந்துவைக்கட்டும்; பத்திரிகையும் புத்தகமும், ஆங்கிலமும் சட்டமும் கற்பிக்கும் ஆசிரியரும் அங்கே இருக்கட்டும். இலக்கிய மன்றங்கள் தம் மேடையில் தொழிலாளிக்கு, விருந்தினன் என்ற முறையிலன்றி உறுப்பினன் என்ற முறையில் இடமளிக்கட்டும். புதிதாய்க் குடியேறிய உத்தியோகஸ்தர், ஊர்ச்சங்கங்களையும் ஜாதிச்சங்கங்களையும் விட்டு, இந்நாட்டுத் தமிழர் சங்கங்களில் சேர்ந்து உழைக்கட்டும். இங்குள்ள வரலாற்றைக் கற்கட்டும். இரு சாராரும் தம் பிள்ளைகளின் மணத்தில் ஜாதி கேளாதிருக்க உறுதி பூணட்டும். இவ்வொன்று நடந்தால், வந்தவர் இருந்தவர் என்ற பிரிவு ஒரே தலைமுறையில் கலியாண மேடையிலேயே கரைந்துபோகும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் மொழி வேறுபட்ட அயல்நாட்டார் ஒற்றுமையாய்க் குடியிருந்த சிறப்பைப் பட்டினப்பாலை கூறுகிறதென்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஒரே மொழி பேசும் தமிழனோடு ஒரே தெருவில் கூடி வாழ மாட்டாதவர்க்கு அப்பெருமை பேச உரிமை ஏது?

தமிழ்மக்களே! அடுத்த விமானம் வந்துகொண்டே இருக்கும். அதில் இறங்குபவன் நம்மிடம் முதலில் காணப்போவது யாது? அவன் ஜாதியைக் கேட்கும் வாயா, அவன் பெயரைக் கேட்கும் வாயா? அவன் இந்தச் சமூகத்தை எப்படி மாற்றுவான் என்பது அவ்வொரு கேள்வியிலேயே தொடங்குகின்றது. கேட்கப்போகிறவர் நாமே.